பிரதம விருந்தினருக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

என் மகளை வேலையை விட்டு ஓட வைத்த மனிதர், வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லப் பதுளைக்கு வருகிறார் என்று எங்கள் அதிபர்தான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. கொழும்பிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தின் முகாமையாளர் எங்கள் பாடசாலை மண்டபத்துக்கு வருவதென்றால் சும்மாவா?

"இங்கிலிஷ்லதான் பேசுவாராம் டீச்சர். தமிழ் சரளமா வராதாம். நீங்க பக்கத்துல நின்னு பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொல்லிருங்க."

வருகிறவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். கையிலிருந்த சோக்குக் கட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன டீச்சர், ஏலாதா?"

"ஏலும் சார். நானே செய்றேன்."

என் மகள் புள்ளிவிபரவியல் படித்தவள். கொழும்பில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குள் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் எங்கள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, ஆங்கில ஆசிரியையாகிப் பதுளை டவுனுக்கு வந்தவள். அவள் சின்னவளாக இருக்கும்போதே அவளுடைய அப்பா போய்விட்டார். அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று நான் அழுததைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

முதல் வாரத்திலேயே சந்தோஷமாக ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய முகாமையாளர் அலுவலக நடையில் நின்று தொலைபேசியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாராம். "அரைப்பேரா போட்டாங்க? கங்காணிகிட்டக் கேக்க வேண்டியதுதானே" என்றாராம். குறைவாகக் கொழுந்து பறித்தால் அரை நாள் சம்பளம் போடுவதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். அந்தச் சொல் கொழும்பில் பிறந்த எவர் வாயிலும் வராது. "அம்மா, நம்ம ஆளும்மா!" என்றாள் மகள்.

எங்கள் ஆட்கள் இருவர் எங்கே சந்தித்தாலும், அது ஆஸ்பத்திரி வரிசையாக இருந்தாலும் சரி, குவைத் விமான நிலையமாக இருந்தாலும் சரி, முதலில் பெயரைக் கேட்பதில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்றுதான் கேட்போம். பதில் வந்ததும் அங்கே யாராவது ஒரு தெரிந்தவர் அகப்படுவார். வரிசை நகர்வதற்குள் சொந்தமாகிவிடுவோம். என் மகளும் அதைத்தான் செய்தாள். அடுத்த நாள் மதியம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தமிழில் கேட்டுவிட்டாள்.

"சார், நீங்க எந்தத் தோட்டம்?"

அவர் ஆங்கிலத்தில், "மன்னிக்கவும்?" என்றார்.

இவளுக்கு அப்போதும் விளங்கவில்லை. "பசறைப் பக்கமா சார், மடுல்சீமையா?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் ஆற அமர வாயைத் துடைத்துக்கொண்டு, தான் கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர் என்றும், தேயிலையைக் கோப்பைக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம்.

அந்த மதியத்துக்குப் பிறகு அவள் பட்ட பாட்டை நான் தொலைபேசியில் கேட்டேன். கூட்டத்தில் அவள் பேசினால், அவளுடைய ஆங்கில உச்சரிப்பை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திருத்துவார். அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த கணிப்பை வேறொரு பையன் எழுந்து விளக்குவான். அவளைப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கச் சொல்வார். வெளியாட்கள் வந்துவிட்டால், "நீ போய் டீ போடு. உங்கள் ஆட்களுக்கு அது நன்றாக வருமே" என்பார். தேநீர் போடுவதற்கென்றே அங்கே ஓர் ஆள் இருந்தார். அந்த மனிதர் சங்கடப்பட்டு ஓரமாக நிற்க, புள்ளிவிபரவியல் பட்டதாரி கெட்டிலின் சுவிட்சைத் தட்டுவாள். கடைசியில், வேலையை நிரந்தரமாக்குவதற்குமுன் வைத்துப் பார்க்கும் காலத்தை இன்னும் நீட்டப்போவதாகச் சொன்னார். "அலுவலகச் சூழலுக்கு இன்னும் பழகவில்லை" என்பதுதான் காரணமாம்.

அவள் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். பதுளை ஸ்டேஷனில் இறங்கும்போது ஒரு கையில் பை, மறு கையில் தலையணை. மெலிந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்து நிற்பாள். சாப்பிடும்போதுகூட எழுந்து நிற்பாள்.

அதன்பிறகு நான் யாரோடு வாழ்ந்தேன் என்றால் அந்த மனிதரோடுதான். தேங்காய் துருவும்போது அவரோடு சண்டை பிடித்தேன். பஸ்ஸில் யன்னல் ஓரம் உட்கார்ந்து அவரை மண்டியிட வைத்தேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செயப்பாட்டு வினை படிப்பித்துக்கொண்டே, கொழும்பில் அவர் வேலை போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தேன். அவர் பெயரையும் அதன் முன்னால் இருந்த அப்பா பெயரையும் வைத்து மடுல்சீமையில் என் சித்தி மகளிடம் விசாரித்தேன். ஒரே நாளில் பதில் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த டிவிஷன். அவருடைய அக்கா என்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவள். இப்போதும் அங்கேயே கொழுந்து பறிக்கிறாள். தம்பி கொழும்பில் பெரிய இடத்தில் இருப்பதாக எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாளாம். அவர் ஊருக்கு வந்து வருடக்கணக்காகிறதாம்.

இப்படி இருக்கும்போதுதான் அதிபர் அந்தச் செய்தியைச் சொல்லி அவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

விஷயத்தைக் கேட்டதும் மகள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கொழும்பில் வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வு இரண்டும் முடிந்துவிட்டன. அவளை அவர்களுக்குப் பிடித்திருந்தது. முன்பு வேலை செய்த இடத்து முகாமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அது வழமைதானாம். முன்பு வேலை செய்த இடமென்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"அம்மா, அந்தாளு ஒரு வார்த்தை தப்பாச் சொன்னாப் போதும், இதுவும் போயிரும். நீ போ, அவரு சொல்றதச் சொல்லு, வந்துரு. வேற வாயத் தொறக்காத."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னு சொன்னேன்ல."

சத்தியம் செய்யவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. உயர்தரப் பரீட்சை முடித்தவர்கள், பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடுகிறவர்கள், பசறையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்தவர்கள். சட்டைகளை அழுத்தி மடிப்பு வைத்துப் போட்டிருந்தார்கள். விளக்கேற்றினார்கள். அதிபர் அவருக்கு மாலை போட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது மைக்கின் முன்னால் நின்றேன். அவருக்கு என்னைத் தெரியாது. என் மகளின் முகத்தில் பாதி என் முகம்தான். ஆனால் அவர் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்க்கிற ஆள் இல்லை.

இத்தனை அழகான பிரதேசத்துக்கு இப்போதுதான் முதன்முறையாக வருவதாக ஆங்கிலத்தில் தொடங்கினார். "இந்த ஊருக்கு இப்போதுதான் முதன்முறையாக வருகிறாராம்" என்று தமிழில் சொன்னேன். அதுவரை நான் மகளின் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் வருடத்தில் எந்த வேலை தந்தாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள், வேலையில் சின்னது பெரியது இல்லை என்றார். மகள் கெட்டிலின் முன்னால் நிற்பது என் கண்ணுக்குள் தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"முதல் வருடம் கொடுத்த வேலையை முகம் சுளிக்காமல் செய்யுங்கள். ஆனால் டீ போடச் சொன்னால், இன்றைக்கு யாருடைய முறை என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். முறை என்று ஒன்று இல்லாவிட்டால், அது உங்கள் வேலை இல்லை."

மண்டபம் சிரித்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தமிழ் சரளமாக வராதவரின் பார்வை அல்ல அது. ஒரு சொல் விடாமல் விளங்கிய பார்வை. எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அவரால் என்னை நிறுத்த முடியாது. நிறுத்தினால் தமிழ் விளங்கியதாகிவிடும்.

அலுவலகம் என்பது ஒரு குடும்பம் என்றார்.

"அலுவலகம் ஒரு குடும்பமாம். நீங்கள் நம்பலாம். ஆனால் எந்தக் குடும்பமும் பிள்ளையைக் கொஞ்ச மாதம் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்புவதில்லை. ஆகவே நீங்கள் செய்த வேலையை நீங்கள்தான் செய்தீர்கள் என்று தெரியும்படி, அன்றன்றைக்கே உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் வேறொருவர் அதைச் சொன்னால், தொடக்கத்தை நான் சொல்கிறேன் என்று எழுந்துவிடுங்கள்."

பெண் பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, மொழிபெயர்ப்பு கொஞ்சம் நீளமாக இருப்பதாகத் தெரிகிறதே என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

நான் என் மைக்கில் சொன்னேன். "மொழிபெயர்ப்பு நீளமாக இருக்கிறது என்கிறார். தமிழ் அப்படித்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்."

ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாத அதிபர்கூடச் சிரித்தார். பிரதம விருந்தினர் நன்றாக நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

உச்சரிப்பைப் பற்றிப் பேசினார். "ஆங்கிலத்தைப் பிழையாக உச்சரித்தால் தனியே கூப்பிட்டுச் சொல்கிறவர் உங்களுக்கு நல்லது செய்கிறார். சபையில் சொல்கிறவர் தனக்கு நல்லது செய்துகொள்கிறார்" என்றேன். கடைசியாக, அலுவலகத்தில் அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாகத் தேடிக்கொள்ளுங்கள் என்றார். குரல் இறங்கியிருந்தது. சீக்கிரம் முடிக்கப் பார்த்தார்.

"வழிகாட்டி ஒருவரைத் தேடுங்கள். ஆனால் நம்ம ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் ஓடாதீர்கள். அவர் தன் ஊரை ஒளித்து வைத்திருக்கலாம். நீங்கள் பாசமாகக் கேட்டது அவருக்கு அடியாக விழுந்திருக்கலாம். ஊரை ஒளித்தவரைப்போல் உங்களை வெறுக்கிறவர் வேறு யாரும் இருக்க மாட்டார்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். மூடி கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அதிபர் அறையில் ரோல்ஸும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். விருந்தினருடன் அலுவலகத்திலிருந்து வந்த, தமிழ் தெரியாத இரண்டு பேர் முன்னாலேயே வேனில் ஏறிவிட்டார்கள். அதிபர் நினைவுச் சின்னத்தை எடுத்துவரப் போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"நீங்கள் எல்லை மீறிவிட்டீர்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"ஃபிளாஸ்க்ல டீ இருக்கு. ஊத்திக்கங்க தம்பி."

"என்ன?"

"தம்பின்னுதானே சொல்லணும். ஒங்க அக்காவும் நானும் ஒரே வாங்குல ஒக்காந்து படிச்சவங்க."

அவர் முதலில் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் முகத்தை முழுதாகப் பார்த்தார்.

"யாரு நீங்க?" தமிழில் கேட்டார். எங்கள் தமிழ். கொழும்பில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு இழைகூடப் பிசகவில்லை.

"டீ போடச் சொன்னீங்களே, அந்தப் பிள்ளையோட அம்மா."

மேசைமேலிருந்த ரோல்ஸ் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "அவ வேலையில சரியில்லக்கா" என்றார்.

"அது பொய்யின்னு ஒங்களுக்கும் தெரியும்."

"இப்ப என்னதான் வேணும்?"

"இந்த வாரம் அவளப் பத்தி ஒரு ஃபோன் வரும். உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அவ செஞ்ச வேலையச் சொல்லுங்க."

"மெரட்டுறீங்களா?"

இல்லை என்றுதான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஆசிரியை அல்லவா. ஆனால் சொன்னது வேறு.

"ஆமா. ஒங்க ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேரு வேன்ல இருக்காங்க. எனக்கு இங்கிலிஷும் நல்லா வரும், கேட்டீங்கதானே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. "ஒங்களுக்கு வெளங்காதுக்கா" என்றார். "நான் சேர்ந்த காலத்துல தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சிருந்தா ஃபைல் தூக்கத்தான் வச்சிருப்பாங்க. நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால் கோபம் தணியவில்லை, கூடியது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தன் உடம்பில் படித்தவர், அதே இடத்தில் என் பிள்ளையை அடித்திருக்கிறார். ஒன்றும் தெரியாதவன் செய்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

"அது தெரிஞ்ச நீங்களா அவள டீ போட வச்சீங்க?" என்றேன்.

அதிபரின் காலடிச் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, அவசரமாக, தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் பதுள வரைக்கும் வந்தேன்னு அக்காகிட்டச் சொல்லிராதீங்க."

கதவு திறந்ததும் அவர் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டார். நினைவுச் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நானும் ஓரத்தில் நிற்கிறேன்.

வேன் கேட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்ன செய்துவிட்டேன்? அடிபட்ட ஆள் பயந்துகொண்டு நல்லது சொல்வான் என்று யார் சொன்னது? அவர் கொழும்பு போய்ச் சேர்ந்ததும் பயம் தெளிந்துவிடும். தொலைபேசியில் நான்கு சொல் போதும். அந்தப் பெண் கெட்டிக்காரிதான், ஆனால் வீட்டில் பிரச்சினை, தாய் ஒரு மாதிரி. யார் வந்து அவரைக் கேட்கப்போகிறார்கள்?

வீட்டுக்குப் போவதற்குள் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பிள்ளை என் மகளின் தோழி. மகள் வாசலிலேயே நின்றாள்.

"யாரு முறைன்னு கேக்கச் சொன்னியாமே? நல்லாருக்கும்மா. எல்லாரும் கை தட்டுனாங்களாம்."

"இல்லடி, நான்..."

"நீ ஒன் கோவத்தத் தீத்துக்கிட்ட. போகப்போறது யாரோட வேல?"

அதிபர் அறைக்குள் நடந்த மிச்சத்தைச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. அந்த வாரம் நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு வீடாக இருந்தோம். அவளுடைய கைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுப்பேன். மூன்று முறை கடன் அட்டை விற்கிறவர்கள்.

அழைப்பு ஒரு முற்பகலில் வந்தது. நான் வீட்டில் இருந்தேன். மகள் முற்றத்துக்குப் போய்ப் பேசினாள். முதுகு மட்டும் தெரிந்தது. பேசி முடித்த பிறகும் திரும்பாமல் நின்றாள். நான் அப்படியே நின்றபடி, அவரை எந்தக் கையால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த நிமிடம் அவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்குத் தெரியாது.

உள்ளே வந்தாள். "அடுத்த மாதம் வந்து சேரச் சொல்றாங்க."

"அந்தாளு?"

"ரொம்ப நல்லாச் சொன்னாராம். கணக்குல என்னய மாதிரி ஒரு ஆளப் பாத்ததில்லயாம். என்னய விட்டுட்டது அவங்களுக்குத்தான் நட்டமாம்." என் முகத்தையே பார்த்தாள். "நீ என்னம்மா பண்ணின?"

"மொழிபெயர்த்தேன்."

அவள் நம்பவில்லை. ஆனால் கேட்கவுமில்லை. என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, பாதிதான். தன் வாயால் அத்தனையும் சொல்லத் தெரிந்தவர், அவள் அங்கே இருந்தபோது ஒருநாளாவது அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பது மிச்சப் பாதியை எரித்துவிட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

பிற்பகலில் மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருக்கு நன்றி எழுதவேண்டுமாம். ஒருவர் நமக்காக நல்ல வார்த்தை சொன்னால் அன்றைக்கே நன்றி எழுதுவதுதான் அலுவலக ஒழுங்காம்.

"அந்தாளுக்கா?"

"நாளைக்கு எந்த மேசையில எந்தப் பக்கம் அவரப் பாப்பனோ தெரியாதும்மா. எழுதாம விட்டா அது ஒரு கதையாப் போகும்." கைபேசியை நீட்டினாள். "ஒனக்குத்தான் நல்லா வரும். இங்கிலிஷ் சரியான்னு பாரு."

வாசித்தேன். இலக்கணம் சரியாக இருந்தது. அவருடைய அன்பான வார்த்தைகளுக்கு என்று இருந்த இடத்தில் அன்பான என்பதை எடுத்தேன். அவருக்குக் கீழ் வேலை செய்து கற்றுக்கொண்டவற்றை என்றும் மறக்கமாட்டேன் என்ற வரியில் என் விரல் கொஞ்சம் நின்றது. அதை அப்படியே விட்டேன். வாழ்த்துகளோடு என்பதை அழித்தேன். அவர் நலமாக இருக்க வேண்டும் என்பதை அழித்தேன். அடியில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் அவள் எழுதாத ஒன்றைச் சேர்த்தேன். அவளுடைய பட்டம்.

வாங்கிப் பார்த்தாள். "மொட்டையா இருக்கேம்மா."

"போகட்டும்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அனுப்பிவிட்டாள்.